மூச்சுக்குழாய் கிழிந்தால்: எப்போது தைப்பது, எப்போது காத்திருப்பது

வணக்கம் நேயர்களே. மூச்சுக்குழாயில் கிழிசல் என்று கேட்டதுமே, "உடனே ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்" என்றுதான் குடும்பத்தார் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் எல்லாக் கிழிசலையும் தைக்க வேண்டியதில்லை, இதைச் சொல்லத்தான் வந்தேன்.

பெரியவர்களுக்கு மூச்சுக்குழாய் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். முன்னாலும் பக்கவாட்டிலும் குருத்தெலும்பு வளையங்கள் தாங்குகின்றன, பின்னால் மெல்லிய சவ்வும் தசையும் மட்டும்தான், அதை ஒட்டியே உணவுக்குழாய். மயக்க மருந்துக்காகவோ வென்டிலேட்டருக்காகவோ மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடும்போது காயம் பட்டால் பெரும்பாலும் இந்தப் பின்சுவர்தான் நீளவாக்கில் கிழியும். கழுத்து வீங்கி, தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று காற்று நகரும், இருமினால் ரத்தம் வரலாம், மூச்சுத் திணறும். சிடி ஸ்கேன் உதவும், சரி, ஆனால் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பிதான் காயத்தை உறுதியாகக் காட்டும்.

2 சென்டிமீட்டருக்கு மேல் கிழிந்தால் தைக்க வேண்டும் என்பது பலரும் பின்பற்றிய கணக்கு. அதைவிட நீளமானவையும் தானாக ஆறியதைப் பார்த்த பிறகு அது தளர்ந்துவிட்டது. 2010இல் கார்டில்லோ என்ற மருத்துவரின் குழுவினர் வெளியிட்ட வகைப்பாடு நீளத்தை விட்டு ஆழத்தைப் பார்க்கிறது: குழாயின் உள்பக்கச் சவ்வோடு நிற்கிறதா, தசைக்குள் போயிருக்கிறதா, உணவுக்குழாயும் சேதமா? எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது.

நோயாளி தானாக மூச்சு விடுகிறார், காற்றுக் கசிவு கூடவில்லை, உணவுக்குழாய் நன்றாக இருக்கிறது என்றால் காத்திருக்கலாம். அதற்காக சும்மா விட்டுவிடுகிறோம் என்று நினைக்காதீர்கள். ஐசியுவில் வைத்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, மணிக்கணக்காகக் கண்காணிக்க வேண்டும். கசிவு கூடிக்கொண்டே போனாலோ, தேங்கிய காற்றை வெளியேற்ற நெஞ்சில் டியூப் வைத்தும் நுரையீரல் விரியாவிட்டாலோ, நெஞ்சின் நடுப்பகுதியில் சீழ் பிடித்தாலோ, தாமதிக்காமல் ஆபரேஷன்தான். மேல்பகுதிக் காயத்தைக் கழுத்து வழியாகவும், கீழ்ப்பகுதியை வலது நெஞ்சைத் திறந்தும் தைப்பார்கள்.

உண்மையிலேயே கஷ்டமான முடிவு, நுரையீரல் ஏற்கெனவே கெட்டு வென்டிலேட்டரில் இருப்பவர் விஷயத்தில்தான். வென்டிலேட்டர் தள்ளும் காற்று கிழிசல் வழியே வெளியேறும், அதனால் தைப்பது அவருக்குத்தான் அதிகம் தேவைப்படும், ஆனால் அந்த ஆபரேஷனைத் தாங்கும் தெம்பும் அவருக்குத்தான் குறைவு. முடிந்தால் மூச்சுக்குழாய் டியூபின் நுனிக்கருகே ஊதி வைக்கும் பலூன் கிழிசலைத் தாண்டிக் கீழே நிற்கும்படி வைத்து, காயத்தின் மேல் அழுத்தம் படாமல் நாட்களைக் கடத்தப் பார்ப்போம்.

வீட்டுக்குப் போன சில வாரங்கள் கழித்து மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம் கேட்டால், ஆறிய இடம் தழும்பாகிக் குழாய் சுருங்கியிருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள்.