கிட்னி எடுத்த பிறகு கரண்ட் வைக்கணுமா? முதலில் ‘எந்த இடத்துக்கு’ என்று கேளுங்கள்

வணக்கம். இன்றைக்கு நேராக விஷயத்துக்கே வருகிறேன், ஏனென்றால் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை பற்றி ஒரே கேள்வியைப் பல பேர் பல விதமாகக் கேட்டுவிட்டீர்கள். “அப்பாவுக்கு ஒரு கிட்னியையும் அதோடு குழாயையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள், கேன்சர் என்றுதான் சொன்னார்கள், ஆனால் கரண்ட் வைக்கவே இல்லை, பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு வைத்தார்கள், எங்களை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள்?” என்று. இதைக் கேட்கிறவர்கள் எவ்வளவு பயத்தோடு கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் பொறுமையாகவே சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. கதிர்வீச்சு மெஷினில் வேலை செய்கிற டெக்னீஷியன், 11 வருஷமாக. நோயாளியை மேசையில் படுக்க வைத்து, சரியான இடத்தில் நிறுத்தி, வெளியே வந்து மெஷினை ஓட்டுவது என் வேலை. அந்த இடத்திலிருந்து பார்த்ததையும், கூட வேலை செய்கிற டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்லப் போகிறேன்.

கரண்ட் என்று நாம் எல்லாரும் சொல்கிறோம், நானும் வார்டில் அப்படித்தான் பேசுகிறேன், ஆனால் உடம்புக்குள் மின்சாரம் எதுவும் போவதில்லை. எக்ஸ்ரே எடுப்பார்களே, அதே ஜாதிக் கதிர்தான், சக்தி மட்டும் பல மடங்கு அதிகம். ஷாக் அடிக்காது, சுடாது, படும்போது ஒன்றுமே தெரியாது. முடிந்து வீட்டுக்குப் போய்ப் பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம், உடம்பில் கதிர் ஒட்டிக்கொண்டு வராது.

சரி, இந்த நோய்க்கு வருவோம். சிறுநீரகத்துக்குள் சிறுநீர் வந்து சேர்வதற்குப் புனல் மாதிரி ஓர் இடம் இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய குழாய் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. புனல், குழாய், பை மூன்றுக்கும் உள்பக்கம் ஒரே வகைப் படலம்தான். அந்தப் படலத்தில் வரும் புற்றுநோயில் பெரும்பங்கு பையில்தான் வரும், மேலே புனலிலோ குழாயிலோ வருவது 5 முதல் 10 சதவீதம்தான். ஆனால் மேலே வருகிறது பெரும்பாலும் கண்டுபிடிக்கும்போதே ஆழமாக இறங்கியிருக்கும், ஏனென்றால் அந்தச் சுவர் அவ்வளவு மெல்லியது. அதனால்தான் கட்டியை மட்டும் சுரண்டி எடுக்காமல், சிறுநீரகம், முழுக் குழாய், அந்தக் குழாய் பைக்குள் நுழைகிற வாசலைச் சுற்றி ஒரு வட்டம், எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கிறார்கள்.

இவ்வளவு எடுத்த பிறகு கதிர் எதற்கு என்பதுதான் கேள்வி. இங்கே உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாருக்கும் கதிர் கொடுத்தால் ஆயுள் கூடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. வந்திருக்கிற ஆய்வுகளில் பெரும்பாலானவை பழைய கேஸ் ஷீட்டுகளைத் திருப்பிப் பார்த்து எழுதியவை. சிலதில் அந்த இடத்திலேயே நோய் திரும்புவது குறைந்திருக்கிறது, சிலதில் ஒரு பலனும் தெரியவில்லை. காரணமும் புரிந்துகொள்ளக் கூடியதுதான். இந்த நோய் திரும்பி வரும்போது நிறைய பேருக்கு நுரையீரல், ஈரல், எலும்பு என்று தள்ளிப் போய்த்தான் வருகிறது. கதிர் எந்த இடத்தில் விழுகிறதோ அந்த இடத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும், ஓடிப்போனதைத் துரத்திப் பிடிக்காது.

துரத்திப் பிடிக்கிற வேலை கீமோவுடையது, அதற்கு உறுதியான சான்று இருக்கிறது. பிரிட்டனில் பௌட் என்று ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், முடிவு 2020-இல் வெளியானது. இதே ஆபரேஷன் செய்துகொண்ட 261 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 90 நாளுக்குள் கீமோ தொடங்கி நான்கு சுற்று கொடுத்தார்கள், இன்னொரு பிரிவைக் கண்காணிப்பில் மட்டும் வைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் கீமோ பிரிவில் 71 சதவீதம், மற்றதில் 46 சதவீதம். அதனால் “ஏன் கரண்ட் வைக்கவில்லை” என்று கவலைப்படுவதற்கு முன்னால், “கீமோ பற்றிப் பேசினார்களா, 90 நாள் தாண்டிவிட்டதா” என்று பாருங்கள். ஒரு சிறுநீரகம் போன பிறகு சிஸ்பிளாட்டின் என்கிற கீமோ மருந்து தாங்குமா என்று மிச்சமிருக்கிற சிறுநீரகத்தின் வேலைத்திறனைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அது கொஞ்சம் குறைவாக இருந்தவர்களுக்கு அந்த ஆய்விலேயே அதற்குப் பதிலாகக் கார்போபிளாட்டின் என்கிற கீமோ மருந்தைத்தான் கொடுத்தார்கள், அதனால் “சிறுநீரகம் வீக், கீமோ முடியாது” என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள்.

அப்படியானால் கதிர் யாருக்கு? இதற்கு உங்கள் கையில் இருக்கிற பேத்தாலஜி ரிப்போர்ட்டை எடுங்கள். எடுத்த உறுப்பை வெட்டிப் பார்த்து எழுதியது, டிஸ்சார்ஜுக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து வரும், பல வீடுகளில் அது ஃபைலின் கடைசியில் மடங்கிக் கிடக்கும். அதில் சின்ன ‘பி’, பெரிய ‘டி’, பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 2 என்றால் குழாய்ச் சுவரின் தசை வரை, 3 என்றால் தசையைத் தாண்டி வெளிக்கொழுப்புக்கோ சிறுநீரகத் திசுவுக்குள்ளோ, 4 என்றால் பக்கத்து உறுப்பு வரைக்கும் போயிருக்கிறது. அடுத்து ‘என்’ இருந்தால் நெறிக்கட்டிகள், அதாவது நிணநீர் முடிச்சுகள். அப்புறம் ‘மார்ஜின்’ என்று ஒரு வரி.

அந்த வரியில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். ஒருமுறை ஓர் அக்கா அவருடைய அப்பா ரிப்போர்ட்டை என்னிடம் காட்டி, “எல்லாம் கஷ்டமாக எழுதியிருக்கிறது தம்பி, இந்த ஒன்று மட்டும் பாசிட்டிவ் என்று நல்லதாக வந்திருக்கிறது” என்றார். மார்ஜின் பாசிட்டிவ். வெட்டிய விளிம்பில் கேன்சர் செல் இருக்கிறது, அதாவது உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கலாம் என்று அர்த்தம். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர்கள் அந்த ஒரு வார்த்தையை விளக்கியிருந்தால் அவர் அத்தனை நாள் அதை நல்ல செய்தி என்று நம்பிக்கொண்டு இருந்திருக்க மாட்டார். எனக்கு இன்னும் அது மனசை அறுக்கிறது.

இப்படி விளிம்பில் மிச்சம், 3 அல்லது 4 என்ற எண், நெறிக்கட்டியில் நோய், இந்த மாதிரி இருக்கிறவர்களுக்குத்தான் கதிர் பற்றிய பேச்சே வரும். அப்போது கதிர்வீச்சு டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, “எந்த இடத்துக்குக் குறி வைக்கிறீர்கள், காட்டுங்கள்.” கம்ப்யூட்டரில் சிடி ஸ்கேன் படத்தைத் திறந்து காட்டச் சொல்லலாம், தவறே இல்லை. ஆபரேஷன் செய்த சர்ஜன் சந்தேகமான இடத்தில் சின்ன டைட்டானியம் கிளிப் விட்டு வைத்திருந்தால் அது படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், எங்களுக்கு அது பெரிய உதவி.

ஏன் இடத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதைப் பாருங்கள், என் முஷ்டி சிறுநீரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு கை குடல். முஷ்டியை எடுத்தால் அங்கே குழி அப்படியே காலியாக இருக்காது, குடல் சரிந்து அதில் வந்து உட்கார்ந்துவிடும். நாங்கள் கதிர் கொடுக்க வேண்டிய படுகை அதுதான், இப்போது அங்கே குடல். குடலுக்கு அதிக டோஸ் ஆகாது. எதிர்ப்பக்கம் ஒரே ஒரு சிறுநீரகம், அதுதான் இனி ஆயுசுக்கும். இரண்டு சிறுநீரகமும் உள்ளவர்களுக்கே சராசரி டோஸ் 18 கிரேக்குள் (கிரே என்பது கதிரை அளக்கிற அலகு) நிற்க வேண்டும் என்று பார்ப்பார்கள், ஒன்றுதான் என்றால் முடிந்த மட்டும் குறைப்பார்கள். நடுவில் முதுகுத்தண்டு, வலது பக்கம் என்றால் ஈரல். இவ்வளவையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் குறியில் மட்டும் 45 முதல் 50 கிரே வரை சேர்க்க வேண்டும். ஒரே நாளில் கொடுக்க முடியாது, நாளைக்கு 1.8 கிரே என்று 25 அல்லது 28 நாள், வாரத்துக்கு ஐந்து நாள்.

இதோ இந்த நீலப் பை, உள்ளே சின்னச் சின்ன மணிகள். முதல் நாள் இதன் மேல் படுக்கச் சொல்லிக் காற்றை உறிஞ்சுவோம், உங்கள் முதுகின் அச்சோடு கல் மாதிரி இறுகிவிடும். ஒவ்வொரு நாளும் அதே அச்சில் படுக்க வேண்டும். தோலில் கடுகளவு மூன்று புள்ளி குத்துவோம், மச்சம் மாதிரி இருக்கும், அழியாது. மேசையில் ஏறி இறங்க 10 முதல் 15 நிமிஷம், அதில் கதிர் ஓடுவது சில நிமிஷம்தான்.

குமட்டல் முதல் வாரத்திலேயே வரலாம், மெஷினுக்கு வருவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு வாருங்கள், வந்த பிறகு போட்டால் பலன் குறைவு. இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வயிறு கழியலாம். அதை மறைக்காதீர்கள். நாலைந்து முறை போய் உடம்பில் நீர் வற்றினால் அடி வாங்குவது அந்த ஒற்றைச் சிறுநீரகம். தினமும் உங்களைப் பார்க்கிற ஆள் டெக்னீஷியன்தான், எங்களிடம் சொன்னாலே போதும், அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோய்விடுவோம்.

அந்த அக்காவின் அப்பாவுக்கு முதலில் நான்கு சுற்று கீமோ, அப்புறம் குழாயின் கீழ் முனை இருந்த இடத்துக்கு 28 நாள் கதிர். கடைசி நாள் மேசையை விட்டு இறங்கியதும், “இனிமேல் ஒன்றும் இல்லையே” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு 22 முதல் 47 சதவீதம் பேருக்குச் சிறுநீர்ப்பையில் புதிதாக நோய் முளைக்கிறது, ஆபரேஷன் முடிந்த கையோடு பைக்குள் ஒருமுறை மருந்து விடுவதே அதைக் குறைக்கத்தான். கதிர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் கேமரா விட்டுப் பையைப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியை விட முடியாது. ஆபரேஷன் முடிந்து மூன்றாவது மாதம் முதல் தடவை, அப்புறம் வருஷக்கணக்கில். அவருக்கு அது பிடிக்கவே பிடிக்காது, கீமோ நடக்கும்போதே ஒருமுறை போகாமல் இருக்கப் பார்த்தாராம். மகள் விடவில்லை. அடுத்த தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார்.

உங்கள் ரிப்போர்ட்டில் எந்த வார்த்தை புரியவில்லை என்று கீழே எழுதுங்கள், அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்கிறேன். பெயரும் போட்டோவும் மட்டும் போடாதீர்கள்.