மரபணு நன்றாகத்தான் இருக்கிறது, புரதம் மட்டும் வரவில்லை: நுரையீரல் புற்றுநோயில் பி16

நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகளில் பி16 என்கிற மரபணுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துப் பார்த்தால், சிலவற்றில் அது அடியோடு காணாமல் போயிருக்கும், சிலவற்றில் எழுத்து மாறியிருக்கும். ஆனால் இன்னும் சில கட்டிகளில் ஒரு எழுத்துகூடப் பிசகியிருக்காது, அப்படியிருந்தும் பி16 புரதம் துளியும் இருக்காது. இந்த மூன்றாவது வகையைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: ஒரு செல் இரண்டாகப் பிரிகிறது]

செல்லைப் பிரியச் சொல்லி விரட்டும் சிடிகே4, சிடிகே6 என்று இரண்டு நொதிகள் உண்டு. அவற்றை அடக்கி வைப்பதுதான் பி16-இன் வேலை. அது இல்லையென்றால் அந்த இரண்டையும் கேட்பாரில்லை.

சரி, எழுத்தெல்லாம் ஒழுங்காக இருக்கும்போது புரதம் ஏன் வரவில்லை?

[திரையில்: மரபணுவின் தொடக்கப் பகுதி, பெரிதாக]

மரபணுவைப் படிக்கத் தொடங்கும் இடத்தில் புரொமோட்டர் என்ற பகுதி இருக்கிறது. பி16-இன் புரொமோட்டரில் சி எழுத்தும் ஜி எழுத்தும் அடுத்தடுத்து வரும் இடங்கள் நெருக்கமாக இருக்கும். புற்றுநோய் செல்லில் அந்த சி-க்களின் மேல் மீத்தைல் ஒட்டிக்கொள்கிறது. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். அதைப் பார்த்துச் சில புரதங்கள் வந்து உட்காரும், அவை ஹிஸ்டோன்களிலிருந்து, அதாவது டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் புரதங்களிலிருந்து, அசெட்டைல் என்ற இன்னொரு சின்ன ஒட்டை உருவிவிடும் நொதிகளையும் கூட்டிக்கொண்டு வரும், உடனே அந்த இடத்தில் டிஎன்ஏ நூல்கண்டு மாதிரி இறுகிப்போய், படிக்க வரும் நொதிக்கு நுழைய வழியே இருக்காது. செல் பிரியும்போதும் இது கலைவதில்லை. டிஎன்எம்டி1 என்ற நொதி பழைய இழையில் எங்கெல்லாம் மீத்தைல் இருக்கிறதோ, அங்கெல்லாம் புது இழையிலும் ஒட்டிவிடும்.

இது எப்போது ஆரம்பிக்கிறது என்பதுதான் என்னை அசத்திய விஷயம். 2000-இல் வெளியான ஒரு ஆய்வில், ஸ்குவாமஸ் வகை நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களின் பழைய சளி மாதிரிகளைச் சோதித்தார்கள். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு எடுத்த சளியில்கூட பி16 அல்லது எம்ஜிஎம்டி மரபணுவில் இந்த மீத்தைல் தெரிந்தது. உடனே சளி டெஸ்ட் எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள், புற்றுநோயே இல்லாத சில புகைபிடிப்பவர்களிடமும் இது இருந்தது.

[திரையில்: மீத்தைல் ஒவ்வொன்றாக உதிர்கிறது]

எழுத்து கெடவில்லை என்பதால் ஒட்டியதைப் பிரித்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அதற்கு மருந்தும் இருக்கிறது. அசாசிட்டிடின், சி எழுத்து மாதிரியே வேஷம் போட்டு டிஎன்ஏவுக்குள் நுழைந்து, மீத்தைல் ஒட்ட வரும் டிஎன்எம்டி1-ஐ அங்கேயே மாட்டிவிடும். எம்டிஎஸ் என்ற எலும்பு மஜ்ஜை நோய்க்கு அமெரிக்காவில் 2004-இலேயே அனுமதி வாங்கிய மருந்து இது. நுரையீரலில்? 2011-இல் வெளியான ஒரு சோதனையில், மற்ற சிகிச்சைகளுக்கு அடங்காத 45 பேருக்கு இதையும், அசெட்டைலை உருவ விடாமல் தடுக்கும் என்டினோஸ்டாட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒருவருக்குக் கட்டி முழுவதும் மறைந்தது, இன்னொருவருக்குக் கணிசமாகச் சுருங்கியது. கொஞ்சம் ஏமாற்றம்தான். இந்த மருந்துக்கு பி16 எங்கே இருக்கிறதென்று தெரியாது, டிஎன்ஏ முழுக்க எங்கெல்லாம் மீத்தைல் இருக்கிறதோ அங்கெல்லாம் கைவைக்கும். அதுவும் பிரிந்துகொண்டிருக்கும் செல்லில்தான் வேலை செய்யும், சும்மா இருக்கும் செல்லைத் தொடவே தொடாது.