நாம போடாத பிளஸ் எங்கருந்து வந்துச்சு?

வணக்கம் நேயர்களே. பைத்தான்ங்குற புரோகிராமிங் மொழிய கத்துக்க ஆரம்பிச்சவங்க மண்டைய பிச்சுக்கிற ஒரு விஷயத்த இன்னைக்கு பேசலாம்னு வந்திருக்கேன், எரர் மெசேஜ்தான், அதுலயும் பைத்தான் கூடவே ரெடியா வர்ற ஃபங்ஷன்கள, அதாவது பேர் சொல்லிக் கூப்பிட்டா ஒரு வேலைய செஞ்சு குடுக்குறத, தப்பா கூப்பிட்டா வர்ற மெசேஜ். ரேடியோவுல கோடு காட்ட முடியாது, அதனால கொஞ்சம் மெதுவாவே சொல்றேன்.

சம்னு ஒரு ஃபங்ஷன், லிஸ்ட்ல இருக்குற நம்பரையெல்லாம் கூட்டிக் குடுக்கும். நீங்க, கீபோர்டுல அடிக்கிறத வாங்குற இன்புட் ஃபங்ஷன வச்சு மூணு பொருளோட விலைய வாங்கி லிஸ்ட்ல போட்டு அப்படியே சம்கிட்ட குடுக்குறீங்க. உடனே 'அன்சப்போர்ட்டட் ஆபரண்ட் டைப்ஸ் ஃபார் பிளஸ், இன்ட் அண்ட் எஸ்டிஆர்'னு வந்து நிக்கும். அதாவது ஒரு முழு எண்ணையும் ஒரு ஸ்ட்ரிங்கையும், அதாவது வெறும் எழுத்தா இருக்குறதையும், கூட்டச் சொல்றியே, முடியாதுங்குது. நமக்கு கோவம் வருமா வராதா? நாம பிளஸ்ஸே போடல, சரி ஸ்ட்ரிங் நம்மளுதுன்னே வச்சுக்குவோம், ஏன்னா பைத்தான் 3ல இன்புட் எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காத்தான் குடுக்கும், நாப்பதுன்னு நம்பரா அடிச்சாலும் அப்படித்தான், ஆனா அந்த இன்ட் யாரு?

அது பூஜ்யம். சம் உள்ளுக்குள்ள 0ல இருந்துதான் கூட்ட ஆரம்பிக்கும், நீங்க வேற எதுவும் சொல்லலன்னா. அந்த 0வோட உங்க முதல் விலைய சேர்க்கப் போகும்போதே தடுக்கி விழுந்துருச்சு. மெசேஜ் பொய் சொல்லல, விழுந்த எடத்துல இருந்து பேசுது, அவ்ளோதான். அதனால மெசேஜ்ல எந்த டைப் பேர் வருதோ அதப் புடிச்சுக்கிட்டு, இது எப்படி உள்ள வந்துச்சுன்னு பின்னாடியே போங்க, பாதி வேலை முடிஞ்சுது.

டைப் எரர்னா குடுத்த பொருளோட வகையே சரியில்ல. வேல்யூ எரர்னா வகை ஓகே, உள்ள இருக்குறதுதான் ஒத்து வரல. "12.5"ங்குற ஸ்ட்ரிங்க இன்ட்கிட்ட குடுத்தா வேல்யூ எரர்தான் வரும், "12"ன்னா பேசாம வாங்கிக்கும்.

இன்னொரு கூத்து இருக்கு. ஒரு லிஸ்ட்ட போட்டு வைக்கிற வேரியபிளுக்கு லிஸ்ட்னே பேர் வச்சுட்டு, பத்து வரி தள்ளி லிஸ்ட் ஃபங்ஷன கூப்பிட்டா 'லிஸ்ட் ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்'னு வரும். அந்த வரிய எத்தனை தடவ பாத்தாலும் தப்பே தெரியாது, ஏன்னா தப்பு மேல பேர் வச்ச எடத்துல இருக்கு. லிஸ்ட்ட வரிசையா அடுக்குற சார்ட்டும் இதே கதைதான், அது லிஸ்ட்ட இருந்த எடத்துலயே அடுக்கிட்டு நன்னைத்தான், அதாவது ஒண்ணுமில்லங்குறதத்தான், திருப்பிக் குடுக்கும், அத வேரியபிள்ல புடிச்சு வச்சீங்கன்னா அப்புறம் வேற எங்கயோ நன்டைப்னு கத்தும். அடுக்கின புது லிஸ்ட் வேணும்னா சார்ட்டட்னு இருக்குற ஃபங்ஷன கூப்பிடுங்க.

2022ல வந்த பைத்தான் 3.11ல இருந்து வரியில எந்தத் துண்டு உடைஞ்சதுன்னு அடியில குறி போட்டுக் காட்டுது, நல்ல விஷயம்தான், ஆனா அந்தப் பொருள் எங்கருந்து வந்துச்சுன்னு அது சொல்லாது.

எனக்கு ஒரு வருத்தம் என்னன்னா, சம்முக்கு ரெண்டாவதா ஒரு காலி ஸ்ட்ரிங் குடுத்துப் பாருங்க, ஸ்ட்ரிங்க என்னால கூட்ட முடியாது, ஸ்ட்ரிங்க ஒட்ட வைக்கிற ஜாயின் யூஸ் பண்ணுன்னு அழகா வழி சொல்லும். யாரோ யோசிச்சு எழுதிருக்காங்க. அதே அக்கறைய, வெறும் ஸ்ட்ரிங் லிஸ்ட்ட குடுத்துட்டு முழிக்கிற புதுசுங்களுக்கும் கொஞ்சம் காட்டிருக்கலாம்ல. நன்றி, வணக்கம்.