12 கிலோ குறைச்சாச்சு... ஆனா தண்ணி கேனைத் தூக்க முடியல! ஏன்?

(ஹால் நடுவுல ஒரு தண்ணி கேன். பக்கத்துல நான், கையில மாப்.)

இந்தக் கேன்ல 20 லிட்டர் தண்ணி இருக்கு. அப்படின்னா 20 கிலோ, பிளாஸ்டிக் எடை தனி. அல்சூர்ல எங்க வீட்டுக்கு வாரத்துக்கு ரெண்டு வரும். நான் 71 கிலோ இருந்தப்போ இதை அலேக்கா தூக்கி டிஸ்பென்சர் மேல கவுத்துடுவேன். அப்புறம் டயட் இருந்து 59க்கு வந்தேன். பீரோல கிடந்த பழைய சுடிதார் எல்லாம் மறுபடி பத்துச்சு, அத்தை கண்ணு பட்டுடும்னு சுத்திப் போட்டாங்க, ஒரே குஷி. ஒரு நாள் கேனைத் தூக்குறேன், முட்டி வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல வரவே இல்ல. கை நழுவி ஹால் பூரா வெள்ளம். பெங்களூருல 2024 கோடைய பார்த்தவங்களுக்குத்தான் தெரியும், 20 லிட்டர் தரையில ஓடினா நெஞ்சு எப்படிப் பதறும்னு.

வணக்கம் மக்களே. டயட் முடிச்சுட்டு "உடம்பு இளைச்சுடுச்சு, ஆனா தெம்பே இல்லையே"னு உட்கார்ந்திருக்கிற பொண்ணுங்களுக்குத்தான் இந்த வீடியோ.

காரணத்தைச் சட்டுனு சொல்லிடறேன். சாப்பாட்டை மட்டும் குறைச்சு இளைச்சா, போற எடையில சுமார் கால் பங்கு கொழுப்பு இல்லாத எடையா இருக்கலாம். தசையும் அதுல போகும். நான் காலையில ஓட்ஸ், மத்தியானம் வெள்ளரிக்கா, ராத்திரி சூப்புனு எட்டு மாசம் ஓட்டினேன். தசை எங்கேயிருந்து நிக்கும்?

சரி, ஜிம்முக்குப் போவோம்னு போனேன். ட்ரெயினர் என்னை மேலேயும் கீழேயும் பார்த்துட்டு ரெண்டு பிங்க் டம்பெல் எடுத்துக் குடுத்தார். ஒண்ணு 2 கிலோ. "லேடீஸுக்கு இது போதும் மேடம்." ஐயா, லேப்டாப்பும் டிபன் பாக்ஸும் போட்டா என் ஆபீஸ் பையே அதைவிட கனம்! வீட்டு சிலிண்டர்ல கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போட சேர்த்தா 30 கிலோ வரும். அதை வாசல்லேர்ந்து சமையல்கட்டுக்கு உருட்டிட்டுப் போறது யாரு?

"வெயிட் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிடுவியே"னு ஒரு பெரியம்மா எல்லார் வீட்டுலயும் இருப்பாங்க. அவங்களுக்கு மீராபாய் சானு போட்டோவைக் காட்டுங்க. டோக்கியோ ஒலிம்பிக் பளுதூக்குதல்ல 49 கிலோ பிரிவு. தோள் வரைக்கும் எடுத்து அப்புறம் தலைக்கு மேல தூக்குற கிளீன் அண்ட் ஜெர்க்ல 115 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினாங்க. தன் எடைக்கு ரெண்டு மடங்குக்கும் மேல! ஆண்களுக்குச் சுரக்கிற டெஸ்டோஸ்டீரோன்ல பத்துல ஒரு பங்குகூட நமக்குச் சுரக்காது, அந்த உருவம் வரணும்னா தவம்தான் இருக்கணும். நெல்லைப் பக்கம் வடலிவிளையில பொங்கலுக்கு பொண்ணுங்களே இளவட்டக்கல்னு கனமான உருண்டைக் கல்லைத் தூக்குறாங்க. நாம 2 கிலோவுக்கு பயப்படறோம்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வரேன். முதல் மாசத்துலயே நீங்க தூக்குற எடை கிடுகிடுனு ஏறும். கண்ணாடியில பார்த்தா கை அதே கைதான். இது எப்படி?

ஒரு கல்யாண மண்டபத்தை நினைச்சுக்கோங்க. சொந்தக்காரங்க இருநூறு பேர் இருக்காங்க. பந்தி பரிமாற ஆள் வேணும்னு மாமா கத்துறார். எழுந்திரிக்கிறது நாலு பேர். ஒருத்தன் இலை போடுறதுக்கு முன்னாடியே இன்னொருத்தன் சாம்பாரோட வந்து நிக்கிறான். ஆள் இல்லாம இல்ல, கூப்பிட்டா வர்ற பழக்கம்தான் இல்ல. உங்க தசை நார்களும் இப்படித்தான். மூளை நரம்பு வழியா கூப்பிடுது, சில பேர் காதுல விழாத மாதிரி உட்கார்ந்திருக்காங்க. வாரத்துக்கு மூணு நாள் தூக்கித் தூக்கிப் பழகினா, ஒரு சத்தத்துக்கு அம்பது பேர் வரிசையா வர்றாங்க, சரியான நேரத்துக்கு வர்றாங்க. முதல்ல கூடுற பலத்துல பெரும்பங்கு இந்த நரம்புப் பழக்கம்தான். புதுசா ஆள் பிறக்கிறது, அதாவது தசை கண்ணுக்குத் தெரியிற அளவு பருக்கிறது, ரெண்டு மூணு மாசம் கழிச்சு. மூணாவது வாரத்துலயே கண்ணாடியைப் பார்த்துட்டு "ஒண்ணும் தெரியல"னு விட்டுட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி. பந்தி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மண்டபத்தை விட்டுப் போனா எப்படிங்க?

என்ன பண்ணணும்? தோப்புக்கரணம் தெரியும்ல? காதை விட்டுட்டு கையில எடையைப் பிடிங்க, அதுதான் ஸ்குவாட். தரையிலேர்ந்து எடுக்கிறது டெட்லிஃப்ட்: எடையைக் காலை ஒட்டி வெச்சு, இடுப்பைப் பின்னால தள்ளி, முதுகை வளைக்காம, பாதத்தால தரையை அமுக்கி எழுந்திரிங்க. நான் கேனைக் கொட்டினது ஏன்னா, ஒரு முழம் தள்ளி நின்னு முதுகை வில்லு மாதிரி வளைச்சுத் தூக்கினேன். அதோட சமையல் மேடையில கை ஊனி தண்டால், குனிஞ்சு இழுக்கிற ரோ, தலைக்கு மேல தூக்குறது. எல்லாம் 8லேர்ந்து 12 தடவை, ரெண்டு மூணு செட். கடைசி ரெண்டு தடவை மூஞ்சி கோணணும், முதுகு கோணக்கூடாது. 12 சுலபமா வந்துட்டா அடுத்த தடவை கொஞ்சம் எடை ஏத்துங்க.

சாப்பாடு. டயட் அளவுலயே நின்னா தசை வராது. புரதம் ஒரு நாளைக்கு உங்க எடையில கிலோவுக்கு 1.6 கிராம் வரைக்கும் போகலாம், எனக்கு 94 கிராம். மூணு இட்லியில 6 கிராம்தாங்க. ஒரு முட்டையிலயும் அதே 6. காய்ஞ்ச சோயா 50 கிராம்ல 26. ராகி முத்தே, அதாவது ராகி களி உருண்டை, பலம்னு பக்கத்து வீட்டு அக்கா சத்தியம் பண்ணுவாங்க. கால்சியத்துக்கு அவங்க சொல்றது சரி. புரதம்னு பார்த்தா 100 கிராம் மாவுல 7 கிராம் சொச்சம். சாப்பாட்டைக் கூட்டினதும் எடை மெஷின் ஒண்ணு ரெண்டு கிலோ ஏறும். பெரும்பாலும் தண்ணிதான், பதறி மறுபடி சூப்புக்கு ஓடாதீங்க.

டயட்ல மாதவிடாய் நின்னுபோச்சுன்னா முதல்ல டாக்டர், அப்புறம்தான் டம்பெல். ஹீமோகுளோபினும் பாருங்க, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி 15லேர்ந்து 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

உங்க வீட்டுல நீங்க தூக்குறதுலயே கனமானது எதுன்னு கமெண்ட்ல போடுங்க. புருஷனோட அம்மாவின் பேச்சுன்னு எழுதினா பின் பண்ணுவேன்.

நான்? மூணு மாசம் ஆச்சு. போன வாரம் கேன் கொண்டு வர்ற தம்பி பார்க்கப் பார்க்க, தூக்கி டிஸ்பென்சர்ல கவுத்தேன். ஒரு சொட்டு சிந்தல. அவன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுக் கேட்டான்: "அக்கா, அப்போ இனிமே கேனைக் கீழேயே வெச்சுட்டுப் போகட்டுமா?"

வீடு மூணாவது மாடி, மக்களே. லிஃப்ட் கிடையாது.