பேய்க்கு எதற்கு ஃபிளாஷ்பேக்?

அவைக்கு வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘ஆய்வாளர்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதை அடித்துவிட்டு ‘ரசிகர்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். பகலில் கணக்கு எழுதுவது என் தொழில். இரவில் பேய்ப் படம் பார்ப்பது என் பழக்கம். வேறு தகுதி கிடையாது. ஆனால் பேய்ப் படம் எடுப்பவர்களில் பலருக்கு இல்லாத ஓர் அனுபவம் எனக்கு உண்டு. நான் பார்த்திருக்கிறேன்.

முன்வரிசையில் சிரிக்கிறீர்கள். நான் வள்ளுவரைத் துணைக்கு அழைக்க வேண்டியதுதான். உலகத்தார் உண்டு என்று சொல்வதை இல்லை என்று சாதிப்பவனை இந்த மண்ணில் திரியும் ஒரு பேயாகவே எண்ண வேண்டும் என்கிறார் அவர். புல்லறிவாண்மை அதிகாரத்தின் கடைசிக் குறள். அவர் பேசியது பேயின் இருப்பைப் பற்றி அன்று என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும், இந்த அரங்கில் யார் பேய் என்பதைக் கூட்டம் முடியும்போது தீர்மானித்துக்கொள்ளலாம்.

முதலில் என் புகார்கள். திடீரென்று பேரிரைச்சலைப் போட்டு நம்மைத் துள்ள வைப்பதை நான் பயத்தில் சேர்ப்பதில்லை. காதருகே தகரத்தைத் தட்டினாலும் யாரும் துள்ளத்தான் செய்வார்கள். ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே ஏறக்குறைய 15,000 டாலரில் எடுத்து 2007இல் திரையிட்ட ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யைப் பாருங்கள். படுக்கையறை மூலையில் அசையாமல் நிற்கும் ஒரு கேமரா. இருவர் தூங்குகிறார்கள். கதவு கொஞ்சம் நகர்கிறது. பிறகு பழைய இடத்துக்கே திரும்புகிறது. இசையும் இல்லை, முகமும் இல்லை. அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு என் வீட்டுக் கதவை நான் சாத்தாமல் விட்டதில்லை.

1998இல் வந்த ஜப்பானியப் படமான ‘ரிங்’கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கிணற்றிலிருந்து ஏறி வரும் சடாகோ என்ற பேயின் நடை மனித நடையாகத் தெரியாது. நடிகையைப் பின்னோக்கி நடக்க வைத்துப் படம்பிடித்து, அந்தப் படச்சுருளைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டினார்கள். கணினி வித்தை எதுவும் தேவைப்படவில்லை. ஏதோ சரியில்லை என்று நம் கண் சொல்கிறது. எது சரியில்லை என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை. பயம் அந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறது.

பேயை வைத்துச் சிரிக்க வைக்கும் படங்கள் வரிசைகட்டி வந்தபோது, பேய்க்கு மரியாதை போய்விட்டதே என்று நண்பர்கள் அங்கலாய்த்தார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பேய்களைப் பட்டினி போட்டு, போர்க்களத்துக்கு ஓட வைத்து, கூழ் அட வைத்து, பந்தி பரிமாறியும் விட்டார். குருட்டுப் பேய்க்குத் தனியாக, ஊமைப் பேய்க்குத் தனியாக, கனாக் கண்ட பேய்க்குத் தனியாக! அத்தனை பசியோடும் அத்தனை நகைச்சுவையோடும் ஒரு பேய்க் கூட்டத்தைத் திரையில் இன்னும் யாரும் காட்டவில்லை.

என் பெரிய புகார் வேறு. இடைவேளைக்குப் பிறகு பேய்க்கு ஒரு கதை வந்துவிடுகிறது. யார் கொன்றார்கள், எதற்குக் கொன்றார்கள், எங்கே புதைத்தார்கள் எல்லாம் வரிசையாக வரும். அந்த நிமிடமே அது பேய் என்ற பதவியை இழந்து வழக்குத் தொடுத்தவராகிவிடுகிறது. நியாயம் கிடைத்ததும் கிளம்பிவிடுகிறது. மனநல மருத்துவர் வந்து விளக்கினாலும் இதே கதிதான். மலையாளத்தில் 1993இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ தமிழில் 2005இல் ‘சந்திரமுகி’ ஆனது. பேய் இல்லை, எல்லாம் மனத்தின் வேலை என்று படமே அடித்துச் சொல்கிறது. வெளியே வந்த கூட்டத்தில் அதை நம்பிய ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. எல்லோருக்கும் நினைவில் இருந்தது அந்த ஆட்டம்தான்.

சரி, நான் பார்த்தவற்றுக்கு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாடகை அறையில் விடியும் நேரம். விழிப்பு வந்துவிட்டது, கை கால் அசையவில்லை, நெஞ்சின் மேல் கனம். கட்டிலின் கால்மாட்டில் வெள்ளை உடுத்திய ஒரு பெண் நின்றாள். பேய் அமுக்குகிறது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். மருத்துவர்கள் இதைத் தூக்க முடக்கம் என்கிறார்கள். கனவு வரும் தூக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்து கிடக்கும்; கனவில் ஓடும்போது நாம் நிஜமாக எழுந்து ஓடாமலிருக்க அந்த ஏற்பாடு. சில சமயம் மூளை முந்திக்கொண்டு விழித்துவிடுகிறது, உடல் பிந்திவிடுகிறது. விலா எலும்புத் தசைகளும் தளர்ந்திருப்பதால் மூச்சு ஆழமாக இழுபடாது. அதுதான் அந்தக் கனம். ஹென்றி ஃப்யூஸெலி 1781இல் தீட்டிய ஓவியத்தில், உறங்கும் பெண்ணின் மார்பின் மேல் ஒரு குட்டிச் சாத்தான் குந்தியிருக்கும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மக்களுக்கு அதே இடத்தில் ஒரு சூனியக்காரக் கிழவி வந்து உட்காருகிறாள்.

விளக்கம் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரசிகனாக எனக்குச் சுவையாகப் பட்டது இன்னொன்று. சில ஆண்டுகள் கழித்து அதே முடக்கம் மறுபடி வந்தது. இந்த முறை கால்மாட்டில் நின்றவளுக்குக் கூந்தல் முகத்தை மூடியிருந்தது. இடையில் நான் ‘ரிங்’ பார்த்திருந்தேன்! என் பேய்க்கு ஆடை அலங்காரம் செய்தவர் ஜப்பானில் இருக்கிறார். எதையும் பார்த்திராத ஒரு மனிதனுக்கு அந்தக் கால்மாட்டில் யார் வந்து நிற்பார்கள் என்று அறிய எனக்கு ஆசை.

இரண்டாவது, தியேட்டரில் நடந்தது. ஒரு திரைப்படச் சங்கத்துக்காக இரவுக் காட்சி முடிந்ததும் பால்கனியைப் பார்வையிட்டு, மறந்துபோன குடை, பர்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவைப்பது என் பொறுப்பு. ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் இருக்கைகள் அவை. ஒன்று மட்டும் மடங்காமல் விரிந்தே இருந்தது. கையால் தூக்கி மடித்தேன். சுருள்வில் ‘கிறீச்’ என்றது, இருக்கை நின்றது. வரிசையின் முனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். விரிந்திருந்தது. ஆள் உட்காரும்போது வருமே, அந்த மெத்தையின் பெருமூச்சும் கேட்டது. நான் மறுபடி மடிக்கவில்லை, படியிறங்கிவிட்டேன்.

மறுநாள் பகலில் போய், அலுத்துப்போகும்வரை மடித்தும் விரித்தும் பார்த்தேன். அது ஒழுங்காக மடங்கியே நின்றது. அறிவியல் பேசும் நண்பர் ஒருவர் விக் டேண்டி என்ற பொறியாளரை எடுத்துக்காட்டினார். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டேண்டிக்குக் குளிர் நடுக்கம் எடுத்தது. கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிந்தது. மறுநாள் பட்டறைப் பிடிப்பானில் மாட்டிவைத்த அவருடைய வாள்வீச்சு விளையாட்டு வாள் தானாக அதிர்ந்தது. தேடிப்போனால், புதிதாக மாட்டிய வெளியேற்று விசிறி ஒன்று, காதுக்குக் கேட்காத 19 ஹெர்ட்ஸ் அளவில் அறையை அதிர வைத்துக்கொண்டிருந்தது. 1998இல் இதைக் கட்டுரையாகவே வெளியிட்டார். அருமையான துப்பறிதல். ஆனால் எங்கள் பால்கனியில் அப்போது விசிறியும் ஓடவில்லை, ஒலிபெருக்கியும் ஓடவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஆப்பரேட்டரிடம் சொன்னேன். ‘இடைவேளையில் மாரடைப்பில் போன ஒரு பெரியவர்’ என்றார் உடனே. டிக்கெட் கிழிப்பவர், ‘காதலனுக்காகக் காத்திருந்த பெண்’ என்றார். இரவுக் காவலரோ கட்டடம் கட்டும்போது விழுந்த கொத்தனார் என்றார். ஓர் இருக்கைக்கு மூன்று ஃபிளாஷ்பேக்! நான் கண்டது மடங்காத ஓர் இருக்கையை மட்டுமே. அதற்குப் பெயரும் குறையும் குடும்பமும் கொடுத்த பிறகுதான் அவர்களுக்கு நிம்மதி. எனக்கோ அந்தக் கதைகளைக் கேட்டதும் இருந்த பயமும் போய்விட்டது.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா இறந்து சில வாரம் ஆகியிருந்தது. மாலையில் அவர் வழக்கமாக வரும் நேரம். வாசலில் செருப்பைக் கழற்றி, காலாலேயே சுவரோரம் தள்ளும் சத்தம். முதலில் வலது, கொஞ்சம் பொறுத்து இடது. நான் நிமிர்ந்தேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டி வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். இருவரும் அதைப் பற்றி இன்றுவரை பேசவில்லை.

வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தவரின் இருப்பை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கிறது. இத்தனை பேர் வீட்டுக்கு வந்துபோகும் இந்தப் பேயைச் சினிமா ஏறிட்டும் பார்ப்பதில்லை. பழிவாங்காது, கத்தாது, யாரையும் தூக்கிச் சுவரில் அடிக்காது. வேலை முடிந்து வீடு திரும்பும், அவ்வளவே.

இப்படி ஒரு படம் எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் வருகிறேன் என்று தயாரிப்பாளர் ஒருவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கதை பிடித்திருக்கிறது என்றும் சொன்னார். பிறகு காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ‘எல்லாம் சரி சார், இடைவேளைக்கு என்ன வைப்பது?’ என்று கேட்டார்.