குளவிக்கூடும் முழ நீளப் பாம்பும் மூடுபனியும்

நேயர்களுக்கு வணக்கம்.

மலையகத்தில் காட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது புலிதான். தேயிலை மலையில் புலி படுத்திருந்தது, லயத்து நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்ற செய்தி அரை நாளில் தோட்டம் முழுக்கப் பரவிவிடும். ஆனால் நம் ஆட்களை அடிக்கடி வைத்தியசாலைக்கு அனுப்புவது குளவியும், ஒரு முழ நீளமே உள்ள ஒரு பாம்பும். மழையில் நனைந்த பிறகு வரும் குளிரையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றையும் பெரும்பாலும் முன்கூட்டியே கவனித்து விலகிவிடலாம். எங்கே பார்ப்பது, பிந்திவிட்டால் என்ன செய்வது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

குளவியிலிருந்து தொடங்குகிறேன். குளவிக்கொட்டு என்று நாம் சொல்வதில் இரண்டு பூச்சிகள் உண்டு. ஒன்று மலைத்தேனீ. உயரமான மரக்கிளையின் அடியிலோ, பாறை விளிம்பிலோ, தண்ணீர்த் தாங்கியின் கீழோ ஒரே ஓர் அடையாகத் தொங்கும். அகலம் ஒரு மீற்றர் வரை வரும். அடை கண்ணுக்குத் தெரியாது, தேனீக்களே அதைப் போர்த்தியிருக்கும். மற்றது உண்மையான குளவி. அதன் கூடு கடதாசியால் செய்தது மாதிரி மண்ணிறப் பந்தாகப் புதருக்குள்ளோ மரத்திலோ இருக்கும், சில இனங்கள் மண் பொந்துக்குள்ளும் கட்டும். டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) மரங்கள் பூக்கிற காலத்தில் மலைத்தேனீ அந்தப் பக்கம் வந்து கூடும். ஆகவே போன மாதம் இல்லாத கூடு இந்த மாதம் இருக்கலாம். மலையில் வேலை தொடங்குமுன் ஒருவர் அண்ணாந்து பார்த்தபடி ஒரு சுற்று நடந்து வருவது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாத தோட்டங்கள் இன்னும் இருப்பது எனக்கு மிகவும் கவலை தருகிறது.

மலைத்தேனீக் கூட்டை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். தொந்தரவு நெருங்கும்போது மேலடுக்கில் உள்ள தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கித் தூக்கிக் காட்டும். கூட்டின் மேல் பளபளவென்று ஓர் அலை ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அது அவை உங்களைக் கவனித்துவிட்டன என்பதற்கு அடையாளம். பேசாமல், கையை வீசாமல், வந்த வழியே திரும்பிவிடுங்கள். கூட்டைக் கலைப்பவை பல. தேன் பருந்து வந்து அடையைக் கொத்தும், காற்றில் கிளை முறியும், புல்வெட்டும் இயந்திரம் அதிரும், கீழே குப்பை எரித்த புகை மேலே போகும், பையன்கள் கல் எறிவார்கள். பருந்து கலைத்துவிட்டுப் போன கூட்டின் கீழே ஒன்றும் அறியாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பவர்தான் பல வேளைகளில் மாட்டிக்கொள்கிறார்.

கூட்டமாக வந்துவிட்டால் ஓட வேண்டும். கூடையைப் போட்டுவிடுங்கள். படங்கையோ சேலைத் தலைப்பையோ தலையிலும் முகத்திலும் இழுத்து மூடிக்கொண்டு, கால் வைக்கும் இடம் மட்டும் தெரிகிற மாதிரி, நேராக ஓடுங்கள். மலைத்தேனீ நூறு மீற்றருக்கு மேலும் துரத்தும், ஆகையால் இருபது அடி ஓடிவிட்டு நிற்காதீர்கள். கதவை மூடக்கூடிய அறையோ வாகனமோ கிடைத்தால் நல்லது. தேயிலைச் செடிக்கு அடியில் குந்திக்கொள்வது பலர் செய்யும் தவறு. அங்கே அவை உங்களை இலகுவாகக் கண்டுபிடித்துவிடும். ஆற்றில் குதிப்பதும் வேண்டாம், தலையைத் தூக்கும் வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கையால் அடித்து நசுக்கினால் நசுங்கிய தேனீயிலிருந்து கிளம்பும் வாசனை மற்றவற்றையும் அதே இடத்துக்கு இழுக்கும்.

பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் கொடுக்கை எடுங்கள். தேனீயின் கொடுக்கு நஞ்சுப் பையோடு தோலிலேயே தங்கிவிடும். அந்தப் பை தொடர்ந்து நஞ்சை உள்ளே செலுத்திக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டியோ விரலால் பிடுங்கியோ எடுக்கலாம். எப்படி எடுக்கிறோம் என்பதை விட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம். குளவி கொடுக்கை விட்டுப்போகாது, ஆனால் ஒன்றே பல தடவை கொட்டும்.

இனிச் சொல்லப்போவதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். உதடோ நாக்கோ வீங்குதல், உடம்பு முழுக்கத் தடித்தல், மூச்சு இழுத்தல், வாந்தி, மயக்கம், இதில் ஏதாவது வந்தால் ஒரே ஒரு கொட்டாக இருந்தாலும் உயிருக்கு ஆபத்து. வைத்தியசாலையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். அந்த ஆளை நடக்க விடக்கூடாது. கால்களைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்து, தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். மூச்சுத்திணறல் இருந்தால் மட்டும் சாய்த்து உட்கார வையுங்கள். மயங்கிக்கொண்டிருப்பவரைக் கைத்தாங்கலாகப் பள்ளத்துக்கு நடத்திக் கூட்டிவரும்போதே இரத்த அழுத்தம் விழுந்து நிலைமை மோசமாகிவிடும். இன்னொன்று, பெரியவர்களுக்கு ஐம்பது கொட்டுக்கு மேலும், பிள்ளைகளுக்கு அதைவிட மிகக் குறைவாகவும் இருந்தாலே, ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். தசை சிதைந்து சிறுநீரகம் கெடுவது பிறகுதான் தெரியவரும். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

அடுத்தது அந்த முழ நீளப் பாம்பு. மண்ணிறம், முக்கோணத் தலை, மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். காய்ந்த சருகின் மேல் சுருண்டு கிடந்தால் அருகில் நின்றாலும் தெரியாது. இலங்கையில் விஷப் பாம்புக் கடிகளில் மிக அதிகமானவை இந்தச் சிறு விரியனால் வருபவை. கான் (மழைநீர் வடிகால்) ஓரம், விறகுக் கட்டின் அடி, கவ்வாத்து வெட்டிய குச்சிகள் குவிந்த இடம், கல் அடுக்கிய வரப்பு, இவைதான் அது இருக்குமிடம். விறகை அள்ளுமுன் நீளமான தடியால் புரட்டுங்கள். மாலை மங்கிய பிறகு டோர்ச் இல்லாமல் நடக்காதீர்கள். செருப்பை விட மூடிய சப்பாத்து நல்லது. பச்சை விரியன் வேறு வகை. அது செடிமேல், பெரும்பாலும் கை போகிற உயரத்தில் இருக்கும். அடர்ந்த தேயிலையில் கொழுந்துக்குக் கை நீட்டுமுன் கண் போகட்டும்.

நம்மிடம் புழக்கத்தில் உள்ள பாம்பு விஷமுறி மருந்து, நாகம், கண்ணாடி விரியன், கண்டங்கருவளை என்று பெரிய பாம்புகளுக்கு வேலை செய்யும். இந்தச் சிறு விரியனுக்கு அது பயன்படாது. அதைக் கேட்டுவிட்டு வைத்தியசாலைக்குப் போய் என்ன பயன் என்று சிலர் வீட்டிலேயே பச்சிலை கட்டிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். இது மிகத் தவறு. இதன் விஷத்தால் சிலருக்கு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும். இரத்தத்தைப் பரிசோதித்து, சிறுநீரைக் கவனித்து, வேண்டியபோது இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வைத்தியசாலையால்தான் முடியும். கடிபட்டதும் மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கையையோ காலையோ அசையாமல் ஒரு தடியோடு தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுவது உண்டு. தூரத்தில் நின்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும்.

அட்டையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இழுத்துப் பிய்க்காமல், நகத்தை ஒல்லியான முனையின் கீழே செலுத்தித் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, சவர்க்காரம் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். உண்ணிதான் கவனிக்க வேண்டியது. காட்டுக்குப் போய்வந்து ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சலும் உடம்பில் எங்காவது ஒரு கறுத்த பொருக்கும் கண்டால், காட்டுக்குப் போனதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதற்குத் தனி மருந்து உண்டு.

இனிப் புலி. நம்முடையது சிறுத்தை, இந்தத் தீவுக்கே உரிய துணையினம். பாதையில் உருண்டையான தடம் கண்டு, நகக் குறி இல்லையென்றால் அது சிறுத்தையாக இருக்கலாம். நாயின் தடத்தில் நகம் பதிந்திருக்கும். மரை ஒரே குரலில் உரக்க அலறுவதும், குரங்குகள் ஒரே திசையைப் பார்த்துக் கத்துவதும் எச்சரிக்கைதான். எதிரே வந்துவிட்டால் ஓடவோ குந்தவோ கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, முகத்தைக் காட்டியபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள். தேயிலைக்கு அடியில் குட்டி தனியாகக் கிடந்தால் தொடாதீர்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும். பாவம் என்று வீட்டுக்குத் தூக்கி வந்தால் குட்டிக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல. பன்றிக்கென்று வைக்கும் சுருக்குக் கம்பி சிறுத்தையைத்தான் அதிகம் வதைக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று அப்படித்தான் மாட்டிச் செத்தது. கம்பியில் மாட்டிய மிருகம் கம்பியை அறுத்துக்கொண்டும் பாயும். கூட்டம் கூடாமல், வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லிவிட்டு விலகியிருங்கள்.

மரங்களில் மூன்றை மட்டும் சொல்கிறேன். சவுக்கும் (கிரெவிலியா) அல்பீசியாவும் நிழலுக்கு நல்லவை, ஆனால் காற்றில் கிளை சட்டென்று முறியும். தென்மேல் பருவக்காற்று அடிக்கும் நாட்களில் அவற்றின் அடியில் ஒதுங்க வேண்டாம். பங்குனி சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரம் இடி மின்னல் வரும். அப்போது மலையில் தனியாக நிற்கும் உயர்ந்த மரம்தான் மிக ஆபத்தான இடம். முழக்கம் கேட்டதுமே கட்டடத்துக்குப் போங்கள். பைன் மரத்தை வேறு விதத்தில் கவனிக்கலாம். பிசின் ஊறிய பைன் கட்டையைச் சீவினால் மழை நாளிலும் தீப்பிடிக்கும். சைக்கிள் டியூப்பில் விரல் நீளத் துண்டு இரண்டு பையில் இருந்தாலும் ஈரக் குச்சியைப் பற்றவைக்கலாம். ஆனால் காய்ந்த மானாப்புல்லுக்குப் பக்கத்தில், ஊவாவில் கோடைக்காற்று அடிக்கும் நேரத்தில், தீ மூட்டவே கூடாது. உயிர் போகும் நிலை தவிர வேறு எதற்கும் காட்டுக்குள் தீ வேண்டாம். பழத்தில் ஏற்கனவே வீட்டில் சாப்பிட்டுப் பழகியதை மட்டும் உண்ணுங்கள். குரங்கு தின்பது மனிதனுக்கு ஆகும் என்பதற்கு அத்தாட்சி இல்லை. வேலியோரம் தொங்கும் எக்காளம் போன்ற பூவுடைய ஊமத்தை பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது, பூவிலிருந்து விதை வரை அத்தனையும் நஞ்சு.

கடைசியாகக் குளிர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத உச்சிவரை அவ்வளவு ஏற்றம்தான். வியர்க்க வியர்க்க ஏறிவிட்டு, நனைந்த பருத்திச் சேர்ட்டோடு உச்சிக் காற்றில் சூரியோதயத்துக்காகக் காத்திருப்பவர்கள்தான் நடுங்கி விழுகிறார்கள். உலர்ந்த சேர்ட் ஒன்றைப் பொலித்தீனில் கட்டி எடுத்துப் போங்கள், உச்சிக்குப் போனதும் மாற்றுங்கள். பேச்சுக் குழறி, கால் தடுமாறி, பொத்தான் போட விரல் வராமல் போனால் உடம்பின் சூடு இறங்கிவிட்டது. நடுக்கம் நின்றுபோய் ஆள் மந்தமானால் நிலைமை இன்னும் மோசம். ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, தரையிலிருந்து பிரித்து, விழிப்பாக இருந்தால் சீனி போட்ட சூடான தேத்தண்ணீர் கொடுங்கள். சாராயம் கொடுக்காதீர்கள், அது தோலுக்குச் சூடு தருவது போலிருந்து உள்ளுடம்பைக் குளிரவைக்கும்.

மூடுபனியில் வழி தவறினால் முதலில் நில்லுங்கள். தேயிலை மலையில் என்றால் கானைப் பிடித்து நடந்தால் பெரிய கானுக்கும், அதிலிருந்து பாதைக்கும் வந்துவிடலாம். காட்டுக்குள் நீரோடையைத் தொடராதீர்கள். நம் ஓடைகள் பல திடீரென்று நீர்வீழ்ச்சியாகக் கீழே விழுபவை. ஓடையின் நீர் கலங்கி, இலைகுழைகள் மிதந்து வந்தால் மேலே மழை பெய்கிறது, கடக்கவேண்டாம். இருட்டிவிட்டால் இருந்த இடத்திலேயே தங்குங்கள். பெரிய பொலித்தீன் பையில் முகத்துக்கு ஓர் ஓட்டை போட்டு அதற்குள் புகுந்து, ஒரு சாண் தடிப்புக்கு மானாப்புல்லையோ பன்னத்தையோ பரப்பி அதன்மேல் உட்காருங்கள். விசிலை மூன்று தரம் ஊதுங்கள், ஒரு நிமிடம் விட்டு மறுபடி மூன்று தரம். அழைப்புப் போகாத இடத்திலும் குறுஞ்செய்தி சில வேளை போய்விடும்.

அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. அழைக்கும்போது தோட்டத்தின் பெயர், பிரிவு, மலை இலக்கம், வாகனம் எதுவரை வரும் என்ற நான்கையும் முதலில் சொல்லுங்கள். பிறகு கையில் டோர்ச்சோடு ஒருவரை அந்தப் பாதை முனைக்கு அனுப்பி, வாகனம் வரும்வரை அங்கேயே நிற்கச் சொல்லுங்கள். அழைத்த கைத்தொலைபேசியில் வேறு யாருக்கும் பேச வேண்டாம், அவர்கள் திரும்ப அழைப்பார்கள்.

வணக்கம்.