எலக்ட்ரிக் கிட்டார் படிக்க எந்தப் புத்தகம்? வண்டிப்பெரியார் தம்பியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்து நிதானமாகப் பேசலாம் என்று இருக்கிறேன். வண்டிப்பெரியாரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வாசிக்கிறேன்.

"அண்ணே, எலக்ட்ரிக் கிட்டார் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. எங்கள் எஸ்டேட் பக்கம் சொல்லித்தர ஆள் இல்லை. லயத்து வீட்டில் டவர் ஒழுங்காகக் கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமை குமுளி வரும்போதுதான் உங்கள் வீடியோவே பார்க்கிறேன். அதனால் புத்தகம் வைத்துப் படிக்கலாம் என்று ஆயிரம் கார்டு, அதாவது சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டுகள், போட்ட புத்தகம் ஒன்று வாங்கினேன். அதில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. எந்தப் புத்தகம் நல்லது? நோட்டேஷன் கட்டாயம் படிக்கணுமா, டேப் போதுமா? என் இங்கிலீஷ் சுமார்தான்."

தம்பி, ஆள் இல்லாமல் புத்தகத்தை வைத்துப் படிப்பதில் ஒரு பெரிய சிரமம் உண்டு. வாத்தியார் என்றால் நீங்கள் வாசிப்பதைக் கேட்பார், தப்பாகப் போனால் அங்கேயே நிறுத்துவார். புத்தகத்துக்குக் காது கிடையாது. அதனால், நாம் வாசிப்பது சரியா தப்பா என்று நாமே கண்டுபிடிக்க எந்தப் புத்தகம் வழி சொல்லித் தருகிறதோ, அதுதான் உங்களுக்கான புத்தகம். அட்டையில் யார் படம், உள்ளே எத்தனை பாட்டு என்பதெல்லாம் அப்புறம்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கம்பத்தில் நான் கிட்டார் படிக்க ஆரம்பித்தபோது எனக்குக் கிடைத்தது ஒரு ஜெராக்ஸ் கட்டு. வெறும் டேப். தந்திக்கு ஒன்றாக ஆறு கோடு, கோட்டின் மேல் விரல் வைக்கும் கட்டத்தின், அதாவது ஃப்ரெட்டின், எண்கள். 3 எது 8 எது என்று பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு மங்கல். பத்து மாதம் அதையே வாசித்தேன். ஒரு திருவிழாச் சமயம் கச்சேரிக் குழு ஒன்றின் ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாவது வரியிலேயே டிரம் வாசித்தவர் நிறுத்திவிட்டார். விரல் சரியான இடத்தில்தான் இருந்தது. எந்த ஸ்வரத்தை எவ்வளவு நேரம் நிற்கவைப்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அந்தக் காகிதத்தில் அது இல்லவே இல்லை. பத்து மாதம் படித்ததைத் திரும்ப முதலிலிருந்து படித்தேன். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

டேப் மட்டமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1507லேயே வெனிஸ் நகரத்தில் லூட் என்ற தந்தி வாத்தியத்துக்கு டேப் முறையில் புத்தகம் அச்சாகியிருக்கிறது. ஆனால் அந்தக் காலத்திலேயே கோடுகளுக்கு மேலே சின்னச் சின்னக் கொடி மாதிரி அடையாளம் போட்டுக் காலக்கணக்கைக் காட்டிவிட்டார்கள். எண்ணை மட்டும் போட்டுவிட்டுக் காலத்தை விட்டுவிட்ட டேப்பைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

ஸ்வரங்களைப் புள்ளியாக எழுதும் ஐந்து கோட்டு நோட்டேஷனில் காலக்கணக்கு துல்லியமாக இருக்கும், இடம் தெரியாது. முதல் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் ஒரு 'இ' வருகிறது அல்லவா? அதே சுருதி இரண்டாவது தந்தியில் 5வது ஃப்ரெட்டிலும், மூன்றாவது தந்தியில் 9வது ஃப்ரெட்டிலும், நான்காவது தந்தியில் 14வது ஃப்ரெட்டிலும் கிடைக்கும். நோட்டேஷனில் நான்குக்கும் ஒரே புள்ளிதான். எதில் வாசிப்பது என்று புதிதாகப் படிப்பவருக்கு எப்படித் தெரியும்? டேப்பைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஆகவே மேலே நோட்டேஷன், அதற்கு நேர் கீழே டேப் என்று இரண்டும் சேர்ந்து அச்சான புத்தகத்தை எடுங்கள். டேப் மட்டும் இருந்தாலும், ஒவ்வொரு எண்ணிலிருந்தும் காலத்தைக் காட்டும் குச்சி இறங்கியிருந்தால் பரவாயில்லை. வெறும் எண் என்றால் திரும்ப வைத்துவிடுங்கள்.

நோட்டேஷனைக் கட்டாயம் என்று சொல்லிப் பயமுறுத்த மாட்டேன். முதல் வருடத்தில் காலக்கணக்கைப் படிக்கத் தெரிந்தால் போதும். அதற்காகத் தேவையே இல்லை என்றும் விட்டுவிடாதீர்கள். நம் மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வும் எழுதித் தேறினார். காகிதத்தைப் பார்த்தே இசையைக் கேட்கும் திறமை அப்படி வருவதுதான்.

அடுத்து, புத்தகம் உண்மையிலேயே எலக்ட்ரிக் கிட்டாருக்கானதா என்று பாருங்கள். அட்டையில் எலக்ட்ரிக் படம் போட்டிருக்கும், உள்ளே எல்லாம் அக்கூஸ்டிக் பாடமாக இருக்கும். ஆறு தந்தியையும் சேர்த்து மேலும் கீழும் அடிக்கிற பாடம்தான் கடைசிப் பக்கம் வரை. அக்கூஸ்டிக்கில் அது இனிமையாக இருக்கும். எலக்ட்ரிக்கில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைப் போட்டு அதையே அடித்தால் இரைச்சல்தான் மிஞ்சும். டிஸ்டார்ஷன் சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும். தெரியாமல் விரல் பட்ட தந்திகூட ஊருக்கே கேட்கும். அதனால்தான் இரண்டே ஸ்வரம் உள்ள பவர் கார்டு இங்கே அவ்வளவு முக்கியம். ச, ப என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் அதிர்வெண் விகிதம் 2க்கு 3. டிஸ்டார்ஷன் போட்டாலும் கலங்காது. நடுவில் காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள், உடனே குழம்பிவிடும்.

கடையில் புத்தகத்தை நடுப்பக்கத்தில் விரியுங்கள். டேப்புக்கு மேலே பி.எம். என்ற எழுத்தும் புள்ளிக்கோடும் தெரிகிறதா? அது பாம் மியூட்டிங், மீட்டும் சில்லான பிக் பிடித்த கையின் ஓரத்தை, தந்தி வந்து முடியும் பிரிட்ஜ் பக்கத்தில் தந்தி மேல் மெதுவாக வைத்து வாசிப்பது. எண்ணிலிருந்து அம்பு வளைந்து மேலே போய் முழு, அரை என்று போட்டிருக்கிறதா? அது பெண்டிங், அழுத்திய தந்தியைத் தள்ளிச் சுருதியை ஏற்றுவது. அலை மாதிரிக் கோடு வைப்ரேட்டோ, சுருதியை லேசாக அசைப்பது. இந்த மூன்றும் இல்லாத புத்தகம் எலக்ட்ரிக்குக்கு உதவாது. வாசிக்காத தந்திகளை இரண்டு கையாலும் எப்படி அடக்கிவைப்பது என்று ஒரு பக்கமாவது எழுதியிருந்தால், அதை எழுதியவர் பாடம் நடத்திப் பழகியவர் என்று நம்பி வாங்கலாம்.

பெண்டிங்கை வைத்தே ஒரு நல்ல புத்தகத்தை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். சாதாரணப் புத்தகம், தந்தியை மேலே தள்ளு என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். எவ்வளவு தள்ளுவது? நல்ல புத்தகம் இப்படிச் சொல்லும்: மூன்றாவது தந்தியில் 9வது ஃப்ரெட்டை மீட்டு, அந்தச் சுருதியைக் காதில் வைத்துக்கொள். இப்போது அதே தந்தியில் 7வது ஃப்ரெட்டில் மோதிர விரலை வை, நடு விரலும் ஆள்காட்டி விரலும் பின்னால் முட்டுக் கொடுக்கட்டும், 9ல் கேட்ட சுருதி வரும் வரை தள்ளு. நான் இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த 9வது ஃப்ரெட்டும், அழுத்தாத முதல் தந்தியும் ஒரே சுருதி என்று முன்னே பார்த்தோம் இல்லையா? முதல் தந்தியை ஒலிக்கவிட்டுக்கொண்டே மூன்றாவதைத் தள்ளுங்கள். சுருதி நெருங்க நெருங்க ஒரு நடுக்கம் கேட்கும். அது மெதுவாகி, மெதுவாகி, நின்றுவிடும். நின்ற இடம்தான் சரியான இடம். பக்கத்தில் வாத்தியார் இல்லாமலே உங்கள் காது உங்களைத் திருத்திவிட்டது. இப்படிப்பட்ட சோதனை ஒரு புத்தகத்தில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடுங்கள்.

ஒலிப்பதிவு இருக்கிற புத்தகமாகவும் பாருங்கள். முன்பு பின்னட்டையில் சிடி ஒட்டியிருக்கும். இப்போது பெரும்பாலும் உள்ளே ஒரு குறியீடு எண் கொடுத்து இணையத்தில் கேட்கச் சொல்கிறார்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கினால் சிடி இருக்காது, குறியீடும் முன்பே யாராவது பயன்படுத்தியதாக இருக்கலாம். அதனால் இந்த ஒரு விஷயத்தில் புதிதாகவே வாங்குங்கள். டவர் இல்லை என்கிறீர்கள். குமுளி வரும் ஞாயிற்றுக்கிழமை பாட ஒலிகளை, இறக்க அனுமதி இருந்தால், செல்லில் இறக்கிக்கொண்டு மலையேறிவிடுங்கள், வாரம் முழுக்க ஓடும்.

பெயர் சொல்லச் சொன்னால், ஹால் லியோனார்ட் வெளியீடுகள் நம் ஊர்ப்பக்கம் ஓரளவு கிடைக்கும். ஹால் லியோனார்ட் என்று ஒரு ஆள் கிடையாது, ஹால், லியோனார்ட் என்ற அண்ணன் தம்பி பெயரைச் சேர்த்து வைத்த பதிப்பகம். அவர்களிடம் நோட்டேஷனில் தொடங்கும் கிட்டார் வரிசை ஒன்றும், டேப்பில் தொடங்கும் வரிசை ஒன்றும் தனித்தனியாக உண்டு. உங்களுக்கு டேப் வரிசையின் முதல் பாகம் பொருந்தும். தடித்த தந்தியிலேயே பாடம் தொடங்கும், எலக்ட்ரிக் வாங்கியவருக்குக் கை சும்மா இருக்காது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடாமல் அட்டையில் டேப் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பெர்க்லீ இசைக் கல்லூரியின் வில்லியம் லெவிட் எழுதிய மூன்று பாகப் புத்தகத்தை நிறைய பேர் சிபாரிசு செய்வார்கள். அருமையான புத்தகம், எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதில் டேப்பே கிடையாது, முதலிலிருந்தே நோட்டேஷன்தான். தனியாகத் தொடங்கும் ஒருவர் கையில் முதல் மாதமே அதைக் கொடுத்தால் கிட்டாரையே மூடி வைத்துவிடுவார். ஒரு வருடம் கழித்து வாங்குங்கள். சான்றிதழ் ஆசை இருந்தால் டிரினிட்டியின் ராக் அண்ட் பாப் தேர்வுப் புத்தகங்கள் இருக்கின்றன, அது தேர்வுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இங்கிலீஷைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இந்தப் புத்தகங்களில் வரும் சொற்கள் திரும்பத் திரும்ப வருகிற ஐம்பது அறுபதுதான். மேலிருந்து கீழே அடிப்பதற்கு ஒரு கதவு நிலை மாதிரிக் குறி, கீழிருந்து மேலே அடிப்பதற்கு ஒரு கூர்முனைக் குறி. முதல் தடவை வரும்போதே ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதிவிடுங்கள். இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள்: டேப்பில் மேல் கோடு மெல்லிய தந்தி. மடியில் கிட்டாரை வைத்துக் குனிந்து பார்த்தால் தடித்த தந்திதான் உங்களுக்குப் பக்கத்தில், மேலே இருக்கும். தலைகீழாகத் தோன்றும். எல்லாருக்கும் முதல் வாரம் இதில்தான் குழப்பம்.

அந்த ஆயிரம் கார்டு புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அது அகராதி. அகராதியை முதல் பக்கத்திலிருந்து படித்து யாரும் பேசக் கற்றுக்கொள்வதில்லை. ஒரு பாட்டில் தெரியாத கார்டு வந்தால் எடுத்துப் பாருங்கள், மற்ற நேரம் அலமாரியில் இருக்கட்டும்.

புத்தகம் வாங்கியதும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுவிடுங்கள். ஒட்டிய முதுகு உள்ள புத்தகம் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் கையை எடுத்துப் பக்கத்தைப் பிடிக்க வேண்டிவரும். கட்டிலில் வைத்துக் குனிந்து படிக்காமல், கண் மட்டத்துக்கு ஒரு ஸ்டாண்டோ, பெட்டி மேல் சாய்த்த பலகையோ வையுங்கள். ஜூன் பிறந்தால் உங்கள் ஊரில் மூடுபனியும் சாரலும் விடாது. காகிதம் நமத்துப் பூஞ்சை பிடிக்கும், தந்தியும் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் தந்தியை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, புத்தகத்தைக் கிட்டார் பையில் வைக்காமல் அடுப்படிப் பக்கம் காய்ந்த இடத்தில் வையுங்கள். 7வது ஃப்ரெட் பெண்டிங்கைச் செல்லில் பதிவு செய்து, அடுத்த முறை குமுளி இறங்கும்போது எனக்கு அனுப்புங்கள் தம்பி. கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.